ட்ரோன் தொழிலைச் சட்டப்படி தொடங்க வேண்டும்: முதலில் எதைக் கையில் எடுப்பது?

பறவைப்பாதை

வணக்கம் நண்பர்களே. கட்டடங்களின் கூரை, வெளிச்சுவர், கோபுரங்கள் இவற்றை ட்ரோனில் படமெடுத்து ஆய்வு அறிக்கை தரும் தொழிலில் இறங்கப் போகிறேன். விற்பனைக்கு வரும் வீடுகளுக்கு வான்படம் எடுத்துத் தருவதும் கூடவே உண்டு. பறக்கவிடுவது கைப்பழக்கமாகிவிட்டது. தயக்கமெல்லாம் சட்டப் பக்கம்தான். ட்ரோன் பதிவு, பைலட் சான்றிதழ், நிறுவனப் பதிவு, காப்பீடு, வான்வெளி அனுமதி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்குப் பின் எது என்ற வரிசைதான் பிடிபடவில்லை. இங்கே பல நாடுகளில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாட்டின் விண்ணப்பப் படிவத்தை நான் கேட்கவில்லை. எங்கே தொடங்கினாலும் பொருந்தும்படி, எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

தட்டான்

250 கிராமுக்குக் கீழே ஒரு ட்ரோன் வாங்கி ஆரம்பியுங்கள். பதிவும் வேண்டாம், பைலட் சான்றிதழும் வேண்டாம். வருமானம் வந்த பிறகு பெரியதுக்குப் போகலாம். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

உயரமானி

தட்டான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த 250 கிராம் கணக்கை நம்பித் தொழில் தொடங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் அந்த எடைச் சலுகை பொழுதுபோக்குக்கு மட்டும்தான். 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பகுதி 107 விதியின் கீழ் தொழிலுக்காகப் பறக்கும் எந்த ட்ரோனையும், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பதிவு செய்தாக வேண்டும். பைலட்டுக்குச் சான்றிதழும் வேண்டும். பதிவு செய்தால் ரிமோட் ஐடியும் (பறக்கும்போதே ட்ரோனின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் வசதி) சேர்ந்து வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும் கேமரா இருந்தால், அது பொம்மை வகையாக இல்லாத வரை, இயக்குநர், அதாவது ட்ரோனை நடத்தும் ஆளோ நிறுவனமோ, பதிவு செய்ய வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளதை மைக்ரோ என்கின்றன. அதை வணிக நோக்கமில்லாமல் இயக்கினால் பைலட் சான்றிதழ் வேண்டாம். தொழிலுக்கு என்றால் கட்டாயம்.

இன்னொன்று, "காசு வாங்கவில்லை, அதனால் இது தொழில் இல்லை" என்பார்கள். அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏ கூலியைப் பார்ப்பதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது. நண்பரின் வீட்டை விற்க உதவியாக இலவசமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தாலும் அது பொழுதுபோக்கு இல்லை. ஐரோப்பாவில் 2020 டிசம்பர் 31 முதல் தொழில், பொழுதுபோக்கு என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். அங்கே ஆபத்தை வைத்துத்தான் வகை பிரிகிறது: ஆபத்து குறைந்த திறந்த வகை, நடுத்தரமான குறிப்பிட்ட வகை, அதிகமான சான்றளிக்கப்பட்ட வகை என்று மூன்று.

பறவைப்பாதை, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ட்ரோனிலிருந்தும் தொடங்காதீர்கள், சான்றிதழிலிருந்தும் தொடங்காதீர்கள். செய்யப்போகும் வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே பறக்கும், எவ்வளவு உயரம், கீழே யார் இருப்பார்கள், பக்கத்தில் யார் வீடு, பகலா இரவா, கடைசியில் வாடிக்கையாளர் கையில் என்ன கிடைக்கும். எந்த நாட்டு விதியும் கேட்கிற கேள்விகள் இவைதான். பதில் எழுதி முடித்தால் எந்த வகைக்குள் வருகிறீர்கள் என்று தெரியும். அந்த வகை எந்த ட்ரோன், எந்தச் சான்றிதழ் என்று சொல்லிவிடும். ட்ரோனை முதலில் வாங்கியவர்கள் பலர் அதை வைத்துத் தங்கள் வேலையைச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஐரோப்பாவிலேயே பாருங்கள். சி0, சி1, சி2 போன்ற வகுப்பு முத்திரை இல்லாத பழைய ட்ரோன் 250 கிராமைத் தாண்டினால், 2024 ஜனவரி 1 முதல் திறந்த வகையில் அது ஏ3 பிரிவில்தான் பறக்கலாம். ஏ3 என்றால் குடியிருப்பு, வணிக, தொழிற்பேட்டைப் பகுதிகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி. கூரை ஆய்வு செய்கிறவருக்கு அந்த ட்ரோனால் என்ன பயன்? அதே எடையில் சி2 முத்திரை உள்ளதை வாங்கி, ஆட்களுக்கு அருகில் பறக்க உரிமை தரும் ஏ2 தேர்வும் எழுதியிருந்தால், தொடர்பில்லாத ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று வேலை முடிக்கலாம். குறைவேக முறையில் 5 மீட்டர் வரைகூட நெருங்கலாம். பெட்டிமேல் இருக்கும் ஒரு முத்திரை தொழில் நடக்குமா நடக்காதா என்று தீர்மானிக்கிறது.

சட்டக்குறிப்பு

உயரமானி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிறுவனம் பதிவு செய்துவிட்டால் தனிப்பட்ட பொறுப்பு போய்விடும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம் வணிகக் கடன், ஒப்பந்தத் தகராறு போன்றவற்றில் உங்கள் சொந்தச் சொத்தைக் காக்கும். அது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் விமானச் சட்டம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வைத்திருப்பவரைத் தனியாகப் பார்க்கிறது. அமெரிக்க விதியில் ஒவ்வொரு பறத்தலுக்கும் பொறுப்பான பைலட் ஒருவர் இருக்க வேண்டும், மீறல் நடந்தால் அவர் பெயர் வரும். ஐரோப்பாவில் இயக்குநரின் கடமைகள் வேறு, பைலட்டின் கடமைகள் வேறு. நீங்கள் ஒரே ஆளாக இரண்டும் செய்தாலும் காகிதத்தில் அவை இரண்டு பாத்திரங்கள்தான். நாளைக்கு ஒரு பைலட்டை வேலைக்குச் சேர்க்கும்போது இந்தப் பிரிவு தெளிவாக இருந்தால் பிரச்சினை வராது.

அனுமதி இல்லாமல் தொழில் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுப்பதிவில் இருக்கும் வழக்கு ஒன்று: ஸ்கைபேன் என்ற வான்பட நிறுவனம். நியூயார்க், சிகாகோ மேல் அனுமதியின்றிப் பறந்ததாக எஃப்ஏஏ 2015இல் 19 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது. 2017 ஜனவரியில் 2 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததென்றாலும் சிறு தொழில் தாங்கும் தொகை இல்லை.

பறவைப்பாதை

நன்றி சார். உயரமானி சொன்னபடி தாளில் எழுதிப் பார்த்தேன். உடனே ஒரு சந்தேகம் வந்தது. ஆய்வு செய்யச் சொல்லி வந்திருக்கும் ஒரு கோபுரம் 130 மீட்டர். எல்லா இடத்திலும் உயர வரம்பு 120 மீட்டர் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் உச்சியைப் படமெடுக்கவே முடியாதா? இன்னொரு வேலை ஒரு குன்றின்மேல் இருக்கும் கட்டடம். அங்கிருந்து கிளம்பிச் சரிவின் மேலாகப் போய் முன்பக்கத்தை எடுக்க வேண்டும்.

உயரமானி

இரண்டும் நல்ல கேள்வி. இரண்டாவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளம்பிய புள்ளியிலிருந்து கணக்கிடப்பட்டது. சட்டம் கேட்பது ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து எவ்வளவு என்று. குன்றின் மேல் நின்று கிளம்புகிறீர்கள், திரை 60 மீட்டர் காட்டுகிறது. கிடைமட்டமாகச் சரிவைத் தாண்டிப் போகிறீர்கள். திரையில் எண் மாறவே மாறாது, 60 என்றே நிற்கும். ஆனால் கீழே தரை 80 மீட்டர் இறங்கிவிட்டது. இப்போது சட்டக் கணக்கில் நீங்கள் 140 மீட்டரில் இருக்கிறீர்கள். ட்ரோன் மேலே ஏறவேயில்லை, விதி மீறப்பட்டுவிட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. அடிவாரத்திலிருந்து கிளம்பி மேட்டைத் தொடர்ந்து ஏறினால் திரை 150 காட்டும்போதும் நீங்கள் விதிக்குள்ளேயே இருக்கலாம். ஆகவே சரிவான இடத்தில் வேலை வந்தால் சமஉயரக் கோடு உள்ள வரைபடத்தை முந்தின நாளே பார்த்து, எந்தெந்த இடத்தில் திரை எண் எவ்வளவைத் தாண்டக்கூடாது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைப் பறத்தல் பதிவேட்டோடு சேர்த்து வைத்தால், பின்னால் யாராவது கேட்கும்போது பேச ஆதாரம் இருக்கும்.

இனி கோபுரம். அமெரிக்க விதியில் ஒரு கட்டமைப்பிலிருந்து 400 அடி ஆரத்துக்குள் இருந்தால், அதன் உச்சிக்கு மேல் 400 அடி வரை போகலாம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளியாக இருந்தால் அதற்கான அனுமதி தனி. ஐரோப்பாவில் 105 மீட்டருக்கு மேல் உயரமான கட்டமைப்பு என்றால், கிடைமட்டமாக 50 மீட்டருக்குள் நின்று, உச்சிக்கு மேல் 15 மீட்டர் வரை பறக்கலாம். ஆனால் அந்தக் கோபுரத்துக்குப் பொறுப்பானவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விடாமல் அந்தக் கோரிக்கையை எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலம் 400 அடி வரைதான். அதற்கு மேல் மஞ்சள் மண்டலக் கணக்கு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். 120 மீட்டர் என்ற எண் எல்லா இடத்திலும் ஒன்றாகத் தெரிந்தாலும் விதிவிலக்கு நாட்டுக்கு நாடு வேறு. அதைப் படிக்காமல் விலை சொல்லாதீர்கள்.

தட்டான்

சரி, எடை விஷயம் புரிந்தது. ஆனால் தடை செய்யப்பட்ட இடம் என்றால் செயலியே ட்ரோனைக் கிளம்பவிடாதே? கிளம்பவிட்டால் அனுமதி இருக்கிறது என்றுதானே பொருள்?

அலைவரிசை

இல்லை. ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தன் தடுப்பு வேலியை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றியது. ஐரோப்பாவில் அதற்கு முந்தின ஆண்டே மாற்றிவிட்டது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டால் ட்ரோன் கிளம்பும். அனுமதி தருவது அந்த நாட்டு விமான ஆணையம், தயாரிப்பு நிறுவனம் இல்லை. நாட்டின் அதிகாரபூர்வ வரைபடத்தைப் பாருங்கள், அன்றைய தற்காலிகத் தடை அறிவிப்புகளையும் பாருங்கள். தீயணைப்பு நடக்கும் இடம், முக்கியப் பிரமுகர் வருகை போன்றவை காலையில் இல்லாமல் மாலையில் வந்து நிற்கும்.

இதோடு ரேடியோ விஷயம் ஒன்று. யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். தூரம் அதிகம் கிடைக்கும் என்று ஐரோப்பிய அமைப்பிலிருக்கும் ட்ரோனை அலைபரப்பு சக்தி அதிகமான அமெரிக்க அமைப்புக்கு மாற்றும் மென்பொருள்கள் சுற்றுகின்றன. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த வகைக் கருவிகளுக்கான சக்தி வரம்பு 100 மில்லிவாட். அதை மீறினால் விமான விதியோடு தொலைத்தொடர்பு விதியும் மீறப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வேலை செய்கிறவருக்கு அந்தக் கூடுதல் சக்தி தேவையே இல்லை.

நிலஅளவை

பறவைப்பாதை, கடைசியில் வாடிக்கையாளர் கையில் என்ன கிடைக்கும் என்று உயரமானி எழுதச் சொன்னாரே, அதை அழுத்திப் படியுங்கள். ட்ரோன் சான்றிதழ் பறக்கத் தரும் உரிமை. பறந்து கொண்டுவந்ததை வைத்து என்ன சொல்கிறீர்கள் என்பதற்கு வேறு உரிமம் தேவைப்படலாம். கூரையில் விரிசல் தெரியும் படம் ஒன்று, "இந்தக் கூரை தாங்கும்" என்ற கருத்து இன்னொன்று. இரண்டாவது பொறியாளரின் கையெழுத்தைக் கேட்கும் விஷயம்.

என் துறையில் இது இன்னும் கூர்மையானது. 70, 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படமெடுத்து, மென்பொருளில் கோர்த்து, அளவு பிடிக்கக்கூடிய வரைபடம் செய்துவிட முடியும். படம் அழகாக இருக்கும், தூரம் சொல்லும், எல்லைக்கோடும் போட்டுத் தரலாம். ஆனால் வட கரோலைனாவில் ஒரு ட்ரோன் நிறுவனம் அளவையர் உரிமம் இல்லாமல் இப்படிச் செய்யக்கூடாது என்று மாநில வாரியம் சொல்ல, அது வழக்காகி, 2024இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனத்தார் பேச்சுரிமை என்று வாதிட்டார்கள், எடுபடவில்லை. எனவே அளவு சொல்லும் வேலை வந்தால் உரிமம் உள்ள அளவையரோடு சேர்ந்து செய்யுங்கள். அவர் இடம் துல்லியமாக அளந்த தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைப்பார், கையெழுத்திடுவார். படமும் தரவும் உங்களுடையது. இப்படிக் கூட்டாகச் செய்கிறவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

பின்னாளில் மருந்து தெளிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் அது வேறு உலகம். அமெரிக்காவில் பகுதி 107 போதாது, பகுதி 137 வேண்டும். பூச்சிக்கொல்லி பயன்படுத்தும் உரிமம் மாநில அளவில் தனி. இந்தியாவில் வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் இதற்கென்று செயல்முறை வழிகாட்டி வெளியிட்டது. கூரை ஆய்வோடு அதைக் கலக்காதீர்கள்.

பறவைப்பாதை

அறிக்கையில் "தாங்கும்", "பாதுகாப்பானது" போன்ற சொற்களே வராமல் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது காப்பீடு. சட்டம் கட்டாயமாக்காத இடத்திலும் எடுக்க வேண்டுமா? எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பாலிசிவாசகன்

எடுங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதி 20 கிலோவுக்கு மேல் கட்டாயம் என்கிறது. ஆனால் ஜெர்மனி போன்ற நாடுகள் எல்லா ட்ரோனுக்கும் கேட்கின்றன. இந்தியாவில் 250 கிராம் வரையுள்ள நானோ வகை தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். கட்டாயம் இல்லாத இடத்திலும் பெரிய வாடிக்கையாளர்கள் காப்பீட்டுச் சான்று இல்லாமல் வளாகத்துக்குள் விடமாட்டார்கள்.

ட்ரோனுக்கு ஆகும் சேதம் வேறு, ட்ரோனால் மற்றவருக்கு ஆகும் சேதம் வேறு. பணம் குறைவாக இருந்தால் இரண்டாவதை முதலில் எடுங்கள். உடைந்த ட்ரோனை இன்னொன்று வாங்கி ஈடுகட்டலாம், ஒருவரின் கண் போனால் எதை வைத்து ஈடுகட்டுவது? பாலிசியில் முக்கியமாகப் படிக்க வேண்டியது விலக்குப் பகுதி. தொழில் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா? பைலட் பெயர் குறிப்பிட்டிருக்கிறார்களா, அல்லது சான்றிதழ் உள்ள யாரும் ஓட்டலாமா? "பொருந்தும் எல்லா விமான விதிகளையும் பின்பற்றியிருக்க வேண்டும்" என்ற வரி பல பாலிசிகளில் இருக்கும். அந்த வரிதான் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. அனுமதியில்லாத இடத்தில் பறந்து விபத்து நடந்தால், அபராதம் ஒருபக்கம், காப்பீடு கைவிடுவது இன்னொரு பக்கம். உயரமானி சொன்ன குன்றுக் கணக்கு இங்கேதான் வந்து நிற்கும், ஏனென்றால் விபத்துக்குப் பின் அவர்கள் முதலில் கேட்பது ட்ரோனுக்குள் இருக்கும் பறத்தல் பதிவை.

விபத்தை எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டி வையுங்கள். அமெரிக்காவில் கடுமையான காயம், நினைவிழப்பு, அல்லது மற்றவர் சொத்துக்கு 500 டாலருக்கு மேல் சேதம் என்றால் 10 நாட்களுக்குள். இந்தியாவில் 48 மணி நேரத்துக்குள். காப்பீட்டு நிறுவனம் தன் பங்குக்கு வேறு கெடு வைத்திருக்கும்.

வெண்மேகம்

வீடுகளின் வான்படம் எடுக்கும் எனக்குத் தெரிந்தது அக்கம்பக்கம்தான். உங்கள் வாடிக்கையாளர் வீட்டை எடுக்கும்போது பக்கத்து வீட்டின் பின்கட்டும் படத்தில் விழும். ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதி இதற்கும் பொருந்தும். மற்ற இடங்களிலும் தனியுரிமைச் சட்டம் ஏதோ ஒரு வடிவில் உண்டு. கேமராவைத் தேவையான இடத்தில் மட்டும் திருப்புங்கள், போகும் வழியில் பதிவை நிறுத்துங்கள், முகமும் வாகன எண்ணும் தெரிந்தால் மங்கலாக்கிக் கொடுங்கள். மூலப் படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். முந்தின நாள் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் புகாரே வராது. இது சட்டம் சொல்வதில்லை, ஆனால் சட்டத்தைவிட அதிகம் காப்பாற்றுகிறது.

வான்வெளி அனுமதியும் நில அனுமதியும் ஒன்றில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மேலே பறக்கத் தடை இல்லாமல் இருக்கலாம், கிளம்பி இறங்கும் தரைக்குச் சொந்தக்காரர் வேறு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 2014 முதல் தங்கள் நிலத்திலிருந்து ட்ரோன் கிளம்புவதையும் இறங்குவதையும் தடை செய்திருப்பது இந்த வழியில்தான்.

பறவைப்பாதை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் வரிசை இப்போது இப்படி வந்திருக்கிறது. முதலில் கூரை, வெளிச்சுவர் படங்கள் மட்டும், பகலில், கண்பார்வைக்குள். கோபுரம் பிறகு. இந்த வேலைக்கு எந்த வகை என்று விதியில் பார்த்து, அதற்கேற்ற சான்றிதழை எழுதி முடித்து, அதன் பிறகே ட்ரோன். நிறுவனப் பதிவையும் காப்பீட்டு விசாரணையையும் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே தொடங்குகிறேன். கையில் இருக்கும் சிறிய ட்ரோனைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறேன். எதாவது விட்டுப்போயிற்றா?

உயரமானி

வரிசை சரியாக இருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பதிவேடு. நாள், இடம், பைலட், ட்ரோன், எந்தப் பேட்டரி, வானிலை, அனுமதி எண், நடந்த சின்னக் கோளாறு வரை. பேட்டரிக்கு எண் போட்டு, எத்தனை முறை ஏற்றியது, வீக்கம் இருக்கிறதா என்று தனியாக எழுதுங்கள். இன்று ஒரு ட்ரோன் என்பதால் அதிகப்படியாகத் தோன்றும். நாளை கண்பார்வைக்கு அப்பால் பறப்பது போன்ற கடினமான அனுமதி கேட்கும்போது, ஐரோப்பாவில் சோரா என்ற முறையில் தரை ஆபத்தையும் வான் ஆபத்தையும் நீங்களே மதிப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கும். ஒழுங்காக நடத்திய பதிவேடு இருந்தால் அந்த விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டு, ஒப்பந்தம். வாடிக்கையாளர் தளத்தில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒரு ஷாட்" என்பார். அவர் பணம் தருகிறவர், மறுப்பது சங்கடம். அதனால் பறக்கலாமா, நிறுத்தலாமா என்ற முடிவு பைலட்டுக்கு மட்டுமே என்றும், காற்று, மழை, தற்காலிகத் தடை, கீழே ஆட்கள் வருவது ஆகியவற்றால் நிறுத்தினால் அது ஒப்பந்த மீறல் ஆகாது என்றும், மறுநாள் வருவதற்கான கட்டணம் யாருடையது என்றும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரி காகிதத்தில் இருந்தால் "முடியாது சார், ஒப்பந்தத்தைப் பாருங்கள்" என்று சொல்லலாம்.

சட்டக்குறிப்பு

அந்த வரிக்கு ஒரு மாதிரி வாசகம் என்னிடம் இருக்கிறது. நாட்டுக்கேற்ப உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்: "பறத்தலைத் தொடங்குவது, தள்ளிவைப்பது, இடையில் நிறுத்துவது ஆகியவற்றில் பொறுப்பான பைலட்டின் முடிவே இறுதியானது. பாதுகாப்பு அல்லது சட்டக் காரணத்தால் பணி தடைபட்டால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வேறொரு நாளில் பணி நிறைவு செய்யப்படும். தளத்துக்கு வந்து திரும்பிய செலவை வாடிக்கையாளர் ஏற்பார்." விலைப்பட்டியலோடு இதையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுங்கள், வேலை நாளன்று நீட்டாதீர்கள்.